சூ தோங்போ அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளவில்லை

ரயிலில் மூன்று பேர் உட்காரும் இருக்கையருகே நான்காவதாக வந்து நிற்பவர், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்" என்பார். அவரை விட்டுவிடலாம். அவருக்கும் கால் வலிக்கும், நகர்ந்து உட்கார்ந்தால் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆனால் மோட்டார் கெட்டுத் தண்ணீர் ஏறாத வீட்டுக்கும் ஒன்றாம் தேதி தவறாமல் வாடகை கேட்கிற வீட்டுக்காரர் அதே சொல்லைச் சொல்வார். புகுந்த வீட்டில் அடி வாங்கிக்கொண்டு வந்து நிற்கும் பெண்ணிடம் பெரியம்மா சொல்வார். ஞாயிற்றுக்கிழமையும் ஆபீசுக்கு வரச் சொல்லும் மேனேஜர் சொல்வார். கவனித்துப் பாருங்கள், அதைச் சொல்கிறவர் ஒருநாளும் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள மாட்டார்.

சீனர்களிடம் நான்கு எழுத்தில் அடங்கும் பழஞ்சொற்றொடர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. செங்யூ என்று பெயர். பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், பெரிய மனிதர்கள் மேடையில் எடுத்துவிடுவார்கள், வீடுகளில் தூரிகையால் எழுதிச் சுவரில் மாட்டுவார்கள். அவற்றில் ஒன்று 'ஸுய் யூ அர் ஆன்'. வாய்த்தது எதுவானாலும் அதில் நிம்மதியாக இருப்பது என்று பொருள் வைத்துக்கொள்ளலாம். மேலோட்டமாகப் பார்த்தால் நம்ம அட்ஜஸ்டுக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி இருக்கிறது. இதற்கு உதாரணமாகச் சீனர்கள் அடிக்கடி காட்டும் சூ தோங்போ என்ற மனிதரைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவர் வாழ்க்கையைப் பார்த்தால் இந்த உறவுமுறை சரிப்பட்டு வரவில்லை.

சொற்றொடர் வந்த வழியை முதலில் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாகத்தான். மென்சியஸ் என்ற பழஞ்சீனச் சிந்தனையாளரின் நூலில் ஷுன் என்ற பழங்கால அரசரைப் பற்றிச் சிறு பகுதி ஒன்று வரும். காய்ந்த சோறும் கீரையும் தின்ற காலத்தில் ஆயுளுக்கும் அதுதான் என்பதுபோல இருந்தாராம். அரசரான பிறகு பட்டாடையும் யாழுமாக, பிறந்ததிலிருந்தே அப்படித்தான் என்பதுபோல இருந்தாராம். 12ஆம் நூற்றாண்டில் இந்த நூலுக்கு உரை எழுதிய ஜூ ஷீ, இந்த இடத்தை விளக்கும்போது மேற்படி நான்கு எழுத்தைப் பயன்படுத்தினார். நமக்குப் பரிமேலழகர் மாதிரி அவர்களுக்கு ஜூ ஷீ. வேடிக்கை என்னவென்றால், இந்த உரையாசிரியருக்குச் சூ தோங்போவின் சிந்தனைப் போக்கு அறவே பிடிக்காது, பல இடங்களில் தாக்கியிருக்கிறார். இன்றைக்கு அவருடைய நான்கு எழுத்தையும் தோங்போ தட்டிக்கொண்டு போய்விட்டார்.

யார் இந்த தோங்போ? இயற்பெயர் சூ ஷி. 1037இல் சிச்சுவான் பகுதியின் மெய்ஷானில் பிறந்தவர். 1057இல், இருபது வயதில், தம்பி சூ ஜெயுடன் சேர்ந்து தலைநகரில் அரசுத் தேர்வில் தேறினார். சோங் வம்சத்துச் சீனத்தில் அந்தத் தேர்வில் தேறுவது நம் ஊர் ஐ.ஏ.எஸ்.ஸைவிடப் பெரிய விஷயம். கவிஞர், கட்டுரையாளர், எழுத்தோவியர், ஓவியர், நிர்வாகி, சமையல் பைத்தியம். 1077இல் ஷூஜோ நகரத்தின் ஆட்சியாளராக இருந்தபோது மஞ்சள் நதி கரையுடைத்து ஊரைச் சுற்றிக்கொண்டது. நகரச் சுவரின் மேலேயே தங்கி, படைவீரர்களையும் இறக்கிக் கரை கட்டி ஊரைக் காப்பாற்றினார். அதே ஆண்டில்தான் முதலாம் குலோத்துங்கன் அனுப்பிய 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சோங் அரசவைக்குப் போனது. இந்தக் கதையில் நமக்குள்ள நேரடித் தொடர்பு அவ்வளவுதான், ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

அப்போது வாங் ஆன்ஷி என்ற அமைச்சர் கொண்டுவந்த புதிய சட்டங்கள் நடப்பில் இருந்தன. விவசாயிகளுக்கு அரசுக் கடன், கட்டாய ஊழியத்துக்குப் பதில் வரி, அப்படிப் பல. அவற்றால் கிராமங்கள் படும் பாட்டைத் தோங்போ கவிதைகளில் கிண்டல் செய்தார். 1079இல் ஹூஜோவில் பதவியேற்றுச் சில மாதங்களில், மன்னரை அவமதித்தார் என்று குற்றம்சாட்டிப் பிடித்துப் போனார்கள். ஆதாரம் அவருடைய கவிதைகளேதான். வரி வரியாக எடுத்து, இதற்கு என்ன அர்த்தம், அதில் யாரைச் சொல்கிறாய் என்று விசாரணை. காகங்கள் கூடு கட்டும் மரங்கள் நிறைந்த தணிக்கை அலுவலகச் சிறையில் நூறு நாளுக்கு மேல் இருந்தார். தலை போகும் என்றே நினைத்திருந்தார். என் பதவியை எடுத்துக்கொண்டு அண்ணனை விடுங்கள் என்று தம்பி மன்னருக்கு எழுதினார்.

இங்கே ஒரு சின்னக் காட்சி, தோங்போவே பின்னாளில் ஒரு கடிதத்தில் சொன்னது. கணவர் போன படகுக்குப் பின்னால் குடும்பமும் போகிறது. வழியில் வீரர்கள் படகை மறித்துக் காகிதங்களைத் துழாவுகிறார்கள். அவர்கள் போன பிறகு வீட்டுப் பெண்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. எழுதி எழுதி என்னத்தைக் கண்டார், நம்மை இப்படி நடுங்க வைத்ததுதான் மிச்சம் என்று திட்டியபடி கையில் கிடைத்த எழுத்தையெல்லாம் கொளுத்திவிட்டார்கள். பத்தில் ஏழெட்டுப் பங்கு போயிற்று. சீன இலக்கிய ஆய்வாளர்களுக்கு வயிறு எரியும். எனக்கு அந்தப் பெண்கள்மேல் கோபம் வரவில்லை.

உயிர் தப்பியது. 1080இன் தொடக்கத்தில் யாங்ட்ஸி நதிக்கரையில் ஹுவாங்ஜோ என்ற சிற்றூருக்கு அனுப்பினார்கள். பெயருக்கு உதவிப் படைத்துறை அதிகாரி. கோப்பில் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது, சம்பளம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, அந்த வட்டாரத்தைவிட்டு நகரக் கூடாது. பின்னாலேயே இருபது பேர் கொண்ட குடும்பம் வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு மகான் கண்ணை மூடித் தியானத்தில் அமர்வார் என்று எதிர்பார்ப்போம். தோங்போ முதலில் செய்தது கணக்குப் போட்டது. மாதப் பிறப்பன்று 4500 காசை எடுப்பார். அதை முப்பது பங்காகப் பிரித்துக் கோத்து வீட்டு உத்தரத்தில் தொங்கவிடுவார். தினமும் காலையில் ஓவியச் சுருளை மாட்டுகிற நீளக் கவைக்கோலால் ஒரு சரத்தை இறக்குவார், அதில் 150 காசு. உடனே கோலை ஒளித்து வைத்துவிடுவார், கை சும்மா இருக்காது அல்லவா. அன்றைய செலவு போக மிஞ்சியதை ஒரு பெரிய மூங்கில் குழாயில் போட்டு வைப்பார், விருந்தாளி வந்தால் அதிலிருந்து. இதையெல்லாம் ஒரு நண்பருக்கு வெகு உற்சாகமாக எழுதியிருக்கிறார். ஒரு வருடத்துக்குக் கையிருப்பு வரும், அதற்குப் பிறகு வழி தானாகப் பிறக்கும், இப்போதே ஏன் கவலை என்பது அவர் வாதம். சம்பளத் தேதிக்கும் கடன் தவணைக்கும் நடுவில் குடித்தனம் நடத்துகிற எவருக்கும் இந்தக் கவைக்கோலின் அருமை புரியும்.

கையிருப்பு கரைந்ததும் ஒரு நண்பர் அலைந்து, ஊருக்குக் கிழக்கே பாழாய்க் கிடந்த பழைய படைமுகாம் நிலத்தை அரசிடம் கேட்டு வாங்கிக் கொடுத்தார். கல்லும் முள்ளும் உடைந்த ஓடும் நிறைந்த சரிவு. கிழக்குச் சரிவு என்பதற்குச் சீனத்தில் தோங்போ. பெயர் அங்கிருந்துதான் வந்தது. மன்னனோ புலவர் சபையோ கொடுத்த பட்டம் இல்லை, புறம்போக்கு நிலம் கொடுத்தது. நாற்பதைத் தாண்டிய வயதில் கோதுமை விதைத்தார். பயிர் தளதளவென்று வந்ததும் மகிழ்ந்து போனார். உள்ளூர் விவசாயி ஒருவர் வந்து, இப்படியே விட்டால் விளைச்சல் வராது, ஆடுமாட்டை விட்டு ஒருமுறை மேயவிடு என்றார். அப்படியே செய்தார், விளைந்தது. இன்னொரு முறை உழவு மாடு சாகக் கிடந்தது. மாட்டு வைத்தியருக்கு நோய் பிடிபடவில்லை. தோங்போவின் மனைவி வாங் ருன்ஜி பார்த்துவிட்டு இது இன்ன கொப்புளம் என்று சொல்லி, ஒரு மூலிகையைப் போட்டுக் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொன்னார். மாடு எழுந்துவிட்டது. பெண்டாட்டியின் கெட்டிக்காரத்தனத்தைப் பெருமையடித்துத் தோங்போ இதை ஜாங் துன் என்ற நண்பருக்கு எழுதினார். அந்த நண்பரின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

பன்றி இறைச்சி சமாச்சாரமும் இங்கேதான் நடந்தது. ஹுவாங்ஜோவில் பன்றி இறைச்சி கொள்ளை மலிவு. பணக்காரர்கள் தொடமாட்டார்கள், ஏழைகளுக்குச் சமைக்கத் தெரியவில்லை என்பது அவர் கண்டுபிடிப்பு. கொஞ்சமாகத் தண்ணீர், அடங்கிய தீ, அவசரம் கூடாது, அதுபாட்டுக்கு வேகட்டும் என்று ஒரு பாட்டாகவே செய்முறையை எழுதி வைத்தார். இன்று ஹாங்ஜோ உணவகங்களில் சோயா சாறும் அரிசி மதுவும் ஊற்றிச் சதுரமாக வெட்டித் தரும் தோங்போ இறைச்சி அப்படியே அவர் அடுப்பில் இறங்கியதுதானா என்று கேட்டால், இல்லை, எண்ணூறு தொள்ளாயிரம் வருடச் சமையல்காரர்கள் கைவைத்திருக்கிறார்கள். அடிப்படை மட்டும் அதுதான்: மலிவான துண்டு, சின்னத் தீ, நிறைய நேரம். நேரம் அவரிடம் ஏராளமாக இருந்தது.

இந்தக் கதைகளை மட்டும் தொகுத்தால் ஒரு சிரித்த முகத் தாத்தா கிடைப்பார். சீனாவில் நினைவுப் பொருள் கடைகளில் விற்கும் தோங்போ அவர்தான். எனக்கு அந்தத் தாத்தாவிடம் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. காரணம், 1082இல் அவர் எழுதிய 'ஹான்ஷி' என்ற எழுத்தோவியம். அடுப்பு மூட்டக் கூடாத குளிர்ச்சோற்று நோன்பு நாளில் எழுதிய இரண்டு கவிதைகள். மழை விடாமல் பெய்கிறது, ஆற்று நீர் வாசலுக்கு வந்துவிடும்போல் இருக்கிறது, வீடு படகு மாதிரி ஆகிவிட்டது, அடுப்பில் ஈர நாணல், சட்டியில் ஆறிப்போன கீரை. மன்னரிடமும் போக முடியாது, பெற்றோரின் கல்லறைக்கும் போக முடியாது. இதைவிட வெளிப்படையாக ஒரு மனிதன் நொந்துகொள்ள முடியாது. எழுத்து தொடக்கத்தில் சிறிதாக, அடக்கமாக இருக்கிறது. போகப்போகப் பெரிதாகி, மை தடித்து, சில கோடுகள் கத்தியைக் கீழே இழுத்ததுபோல நீள்கின்றன. சீன எழுத்துக்கலையின் தலைசிறந்த மூன்று ஓட்டெழுத்துப் படைப்புகளில் ஒன்றாக இதை வைக்கிறார்கள். 1923இல் டோக்கியோ நிலநடுக்கத்தின்போது அப்போதைய உரிமையாளர் எரிகிற வீட்டிலிருந்து இதைக் காப்பாற்றிக் கொண்டுவந்தார். இப்போது தைபேயின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதே 1082இல்தான் அந்தப் புகழ்பெற்ற மழை நடையும். நிலம் வாங்கலாமா என்று பார்க்கப் பக்கத்து ஊருக்குப் போய்வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையும் மழைக்கோட்டும் வைத்திருந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கூட வந்தவர்கள் அலறியடித்து ஓட, இவர் கைத்தடியும் புல் செருப்புமாக மெல்ல நடந்தார், அதைப் பாட்டாக்கினார். எதற்கும் கலங்காத மனத்துக்குச் சீனர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் கவிதை அது. அதன் பிறகு நடந்ததை யாரும் சுவரில் எழுதி மாட்டுவதில்லை: அந்தப் பயணத்தை ஒட்டி அவருக்குக் கை வீங்கிப் படுத்துவிட்டார். காது கேளாத ஒரு வைத்தியரிடம் போய் ஊசி குத்திக் குணமானது. அந்த வைத்தியரும் இவரும் சிநேகிதமாகி ஊற்று பார்க்கப் போனார்கள். எனக்குக் கவிதையைவிட இந்தப் பின்கதை ரொம்பப் பிடிக்கும்.

ஒரே மனிதர், ஒரே ஊர், ஒரே வருடம். ஒரு கையில் ஹான்ஷி, இன்னொரு கையில் மழை நடை. இரண்டில் எது உண்மையான தோங்போ என்று கேட்பது வீண் வேலை. நிம்மதி அவருக்கு நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட குணமாக இருந்திருந்தால் ஹான்ஷி பிறந்திருக்காது. விழுவார், நொந்துகொள்வார், அதையும் ஒளிக்காமல் எழுதுவார், மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சரிவுக்குப் போவார்.

இன்னொன்றும் செய்தார். அந்தப் பகுதியில் வறுமையால் பிறந்த குழந்தையைத் தண்ணீரில் அமுக்கிக் கொல்லும் வழக்கம் இருந்தது, பெண் குழந்தைகளை அதிகமாக. தோங்போ கேள்விப்பட்டு, சாப்பாடு இறங்கவில்லை என்று ஆற்றுக்கு அக்கரையில் இருந்த அதிகாரிக்கு நீண்ட கடிதம் எழுதினார்: சட்டப்படி இது கொலை, தண்டியுங்கள், ஏழைகளுக்கு உதவியும் செய்யுங்கள் என்று. தானும் ஊர்க்காரர்களைச் சேர்த்துப் பணக்காரர்களிடம் வருடச் சந்தா வாங்கி, பிள்ளை பெறும் ஏழைகளுக்கு அரிசியும் துணியும் போகும்படி ஏற்பாடு செய்தார். கையெழுத்து அதிகாரம்கூட இல்லாத ஆள். உள்ளதோடு ஒத்துப்போகிறவன் செய்கிற வேலையா இது?

ஒத்துப்போகத் தெரியாதவர் என்பது வீட்டிலும் தெரிந்ததுதான். சாப்பிட்டுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு, இதற்குள் என்ன இருக்கிறது சொல்லுங்கள் என்று வீட்டுப் பெண்களைக் கேட்டாராம். ஒருத்தி இலக்கியம் என்றாள், இன்னொருத்தி அறிவு என்றாள். அவர்களில் ஜாவ்யுன் என்பவள் மட்டும், காலத்துக்கு ஒவ்வாத கருத்துகள்தான் வயிறு முட்ட இருக்கின்றன என்றாள். விழுந்து விழுந்து சிரித்தாராம். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. 1085இல் மன்னர் இறந்து ஆட்சி மாறியதும் தலைநகருக்கு அழைத்துப் பெரிய பதவி கொடுத்தார்கள். இப்போது இவருடைய கட்சி ஆட்சி. அதன் தலைவர் சிமா குவாங், வாங் ஆன்ஷியின் சட்டங்களை ஒட்டுமொத்தமாக ஒழிக்கப் பார்த்தார். தோங்போ குறுக்கே நின்றார்: கட்டாய ஊழியத்துக்குப் பதிலான அந்த வரி நல்லதுதான், அதை ஏன் எடுக்கிறீர்கள் என்று. எதிரியின் சட்டத்துக்காகச் சொந்தக் கட்சியிடம் சண்டை! இரண்டு பக்கமும் ஆகாதவராகி, தானே வெளியூர் பதவி கேட்டு ஹாங்ஜோ போனார். அங்கே தூர்ந்துபோன மேற்கு ஏரியைத் தூர்வாரி, அள்ளிய சேற்றிலேயே ஏரிக்கு நடுவே கரை போட்டார். சூ கரை என்று இன்றும் மக்கள் அதில் நடக்கிறார்கள்.

1093இல் மீண்டும் காற்று மாறியது. 1094இல் இவரை மலைத்தொடருக்குத் தெற்கே, மலேரியா நாடு என்று வடக்கத்தியர் அஞ்சிய ஹுய்ஜோவுக்குத் தள்ளினார்கள். அங்கே சந்தையில் தினம் ஒரு ஆடுதான் அறுப்பார்கள். நல்ல கறி உள்ளூர் அதிகாரிகளுக்குப் போகும், நாடு கடத்தப்பட்டவன் அதற்குப் போட்டி போடக் கூடாது. கசாப்புக்காரரிடம் சொல்லி முதுகெலும்பை மட்டும் வாங்கிவருவார். வேகவைத்து, மது தெளித்து, உப்பு தூவி, லேசாகக் கருக வாட்டி, எலும்பிடுக்கில் ஒட்டிய துணுக்கை நாள் முழுக்க நோண்டித் தின்பார். நண்டு தின்கிற மாதிரி இருக்கிறது என்று தம்பிக்கு எழுதினார். நீ அரசாங்கச் சாப்பாடு சாப்பிட்டவன், பல் எலும்பில் பட்டிருக்காது, உனக்கு இந்தச் சுவை தெரியுமா என்று கேலி. இந்த முறையில் ஒரே ஒரு சிக்கல், நாய்களுக்குத்தான் வருத்தம் என்றும் முடிவில் சேர்த்தார்.

பக்கத்து குவாங்ஜோ நகரத்தில் மக்கள் உப்புத் தண்ணீர் குடித்து நோயில் விழுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மலை ஊற்றிலிருந்து மூங்கில் குழாய்களில் ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டத்தை ஆட்சியாளருக்கு எழுதி அனுப்பினார். ஒவ்வொரு மூங்கிலிலும் பயறளவு துளை போட்டு அடைத்து வை, அடைப்பு ஏற்பட்டால் எந்தக் குழாய் என்று சோதிக்கலாம் என்ற அளவுக்கு விவரம். யோசனை என்னுடையது என்று மட்டும் வெளியே சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டார். தண்டனையில் இருப்பவர் அரசுக் காரியத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். ஹுய்ஜோவுக்கு அவரோடு வந்தவள் ஜாவ்யுன். ஹாங்ஜோவில் பன்னிரண்டு வயதுப் பணிப்பெண்ணாக வீட்டுக்கு வந்து, படிக்கக் கற்று, பிறகு துணைவியானவள். ஹுவாங்ஜோவில் அவளுக்குப் பிறந்த ஆண் குழந்தை அடுத்த வருடம் ஊர் மாறிப்போகும் வழியிலேயே இறந்தது. 1096இல் ஹுய்ஜோவில் நோய் கண்டு அவளும் இறந்தாள், முப்பத்து நான்கு வயதில். தோங்போ எந்த ஊரிலும் நிம்மதியைக் கண்டுபிடித்தார், சரி. அவள் கண்டாளா? அவளிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. வேறொரு பெண்ணிடம் கேட்டு எழுதிய ஒரு பதில் இருக்கிறது. தோங்போ வழக்கில் சேர்த்துத் தண்டிக்கப்பட்ட வாங் கோங் என்ற நண்பரோடு தெற்குக் கோடிக்குப் போய்த் திரும்பிய பாடகி அவள். அந்த ஊர் கஷ்டமாக இருந்திருக்குமே என்று தோங்போ விருந்தில் கேட்க, மனம் அமைதியடையும் இடமே சொந்த ஊர் என்னும் பொருளில் அவள் பதில் சொன்னாள். அவர் உருகிப்போய் அதையே பாடலாக்கினார். அழகான பதில்தான். ஆனால் எஜமானர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு பாடகியால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்ற கேள்வியும் எனக்கு எழுகிறது.

ஹுய்ஜோவில் மலைமேல் சொந்தமாக வீடு கட்டினார். நன்றாகக் குடியேறும் முன்பே அடுத்த உத்தரவு வந்தது: கடல் தாண்டி ஹைனான் தீவுக்கு. ஏன் என்பதற்கு ஒரு கதை சொல்வார்கள். வசந்தகாலக் காற்றில் சுகமாகத் தூங்குகிறேன் என்ற பொருளில் அவர் எழுதிய கவிதை தலைநகருக்குப் போனதாம். ஓஹோ, இன்னும் இவ்வளவு சுகமாகவா இருக்கிறான் என்று அமைச்சர் சீறினாராம். அமைச்சர் யார்? ஜாங் துன். மாட்டு வைத்தியக் கதையைக் கடிதத்தில் படித்த அதே பழைய நண்பர். கதை நடந்ததோ இல்லையோ, அதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. தண்டிக்கிறவனுக்கு வேண்டியது தண்டனை பெற்றவன் வாடுவது. அவன் எலும்பு நோண்டித் தின்று சிரித்தால் எரிச்சல்தான் வரும். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்கிறவனைப் பார்த்து எந்த அமைச்சரும் கோபப்பட மாட்டார்.

1097இல் தம்பியும் தெற்கே லெய்ஜோவுக்குத் தண்டனையில் போய்க்கொண்டிருந்தார். வழியில் சகோதரர்கள் சந்தித்துச் சேர்ந்து நடந்தார்கள். சாலையோரம் மாவுப் பண்டம் விற்றவரிடம் வாங்கிச் சாப்பிட உட்கார்ந்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. தம்பி குச்சியை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். நிமிர்ந்து பார்த்தால் அண்ணன் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார். இதையும் மென்று ருசி பார்க்க வேண்டுமா உனக்கு என்பதுபோல ஏதோ சொல்லிச் சிரித்தபடி எழுந்துபோனாராம். பின்னாளில் லூ யூ என்ற கவிஞர் எழுதி வைத்த செய்தி இது. ஒரு மாதம் கழித்து லெய்ஜோ கரையில் பிரிந்தார்கள். அதன் பிறகு அந்தச் சகோதரர்கள் சந்திக்கவே இல்லை.

அறுபது வயதில் ஹைனானுக்குப் புறப்படும்போது அவருக்கு எந்த மயக்கமும் இல்லை. போனதும் முதலில் சவப்பெட்டி செய்யச் சொல்வேன், அடுத்தது குழி, அங்கேயே புதைத்துவிடுங்கள் என்று ஒரு நண்பருக்கு எழுதினார். தீவில் தான்ஜோ என்ற இடத்தில் மகன் சூ குவோவுடன் இறங்கினார். கறி கிடையாது, மருந்து கிடையாது, குளிருக்குக் கரி கிடையாது, பேச ஆள் கிடையாது என்று பட்டியலே போட்டுக் கடிதம் எழுதினார். தங்கியிருந்த அரசுக் குடிலிலிருந்தும் துரத்தினார்கள். ஊர்க்காரர்களும் மாணவர்களும் மண் சுமந்து, பனை வகை மரத்தோப்பில் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். மகன் கிழங்கைக் குழைத்துக் கஞ்சி வைத்தால் பூமியில் எங்கும் கிடைக்காத சுவை என்று பாட்டு. உள்ளூர்க்காரர்கள் சிப்பி கொண்டுவந்து கொடுத்தபோது, அதன் ருசியை வெளியே சொல்லிவிடாதே, தலைநகரத்துப் பெரிய மனிதர்கள் இதற்காகவே தங்களை நாடு கடத்தச் சொல்லிக் கேட்பார்கள் என்று மகனிடம் சொன்னார். மை கிடைக்கவில்லை என்று வீட்டிலேயே புகைக்கரி எடுத்து மை காய்ச்சும்போது தீப்பிடித்து, குடிசையே எரிந்துபோகத் தெரிந்தது. மூன்று பழைய நூல்களுக்கான உரைகளையும் அங்கே முடித்தார்.

உட்கார்ந்த இடத்தில் கை வைக்க ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொண்டே இருந்தார். நிலம், அடுப்பு, குழாய், மை. அந்த ஊர் ஆட்களின் பெயர், அந்த ஊர்க் காய்கறியின் பெயர், அந்த ஊர்த் தண்ணீரின் குறை எல்லாம் கொஞ்ச நாளில் அவருக்குத் தெரிந்துவிடும். ஆனால் தன்னை அங்கே அனுப்பியது சரி என்று ஒருநாளும் ஒத்துக்கொள்ளவில்லை. என்னைப் பொறுத்தவரை அந்த நான்கு எழுத்துக்கு உயிர் கொடுப்பது இந்த இரண்டாவது பாதிதான். அடுத்தவரைப் பார்த்து 'வாய்த்ததில் நிம்மதியாக இரு' என்று சொல்லும் தகுதி யாருக்கும் இல்லை. தோங்போ தன்னிடம் சொல்லிக்கொண்டார், அவ்வளவுதான். அவருக்குப் பேர், புகழ், கடிதம் எழுத நண்பர்கள், பார்த்துக்கொள்ளப் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. இவை எதுவும் இல்லாமல் அதே தீவுக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் என்ன தின்றார்கள் என்று யாருக்குத் தெரியும்?

1100இல் புதிய மன்னர், மன்னிப்பு. வடக்கே திரும்பும் வழியில், 1101இல், ஒரு கோயிலில் இருந்த தன் படத்தின்மேல் சில வரி எழுதினார். வாழ்நாளில் சாதித்தது என்ன என்று கேட்டுக்கொண்டு ஹுவாங்ஜோ, ஹுய்ஜோ, தான்ஜோ என்று மூன்று ஊர்ப் பெயரைப் பதிலாக வைத்தார். மூன்றும் தண்டனை ஊர்கள். பெருமையும் இருக்கிறது, கசப்பும் இருக்கிறது. ஏரியும் கரையும் பதவிகளும் அந்தப் பட்டியலில் இல்லை.

இதற்குள் ஜாங் துன் பதவி இழந்து தண்டனை பெற்றிருந்தார். அனுப்பப்பட்ட இடம் லெய்ஜோ, தோங்போவின் தம்பி இருந்த அதே ஊர். வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது ஊர்க்காரர்கள் மறுத்துவிட்டார்கள். முன்பு சூ வீட்டுத் தம்பிக்கு இடம் கொடுத்ததற்காக ஜாங் அமைச்சர் எங்களைப் படுத்திய பாடு போதும், இனி யாருக்கும் தர முடியாது என்று, எதிரில் நிற்பவரிடமே சொன்னார்களாம். சோங் வரலாற்று நூலிலேயே இது இருக்கிறது. தோங்போ மறுபடி அமைச்சராகிப் பழிவாங்குவாரோ என்று பயந்து ஜாங் துன்னின் மகன் ஒரு கடிதம் எழுதினான். நோயில் கிடந்த தோங்போ, உன் அப்பாவும் நானும் நாற்பது வருட நண்பர்கள், நடுவில் வந்ததெல்லாம் வந்தது போகட்டும் என்று பதில் எழுதி, அந்த ஊர்த் தட்பவெப்பத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் விதத்தையும் சொல்லி, ஒரு மருந்துக் குறிப்பும் சேர்த்து அனுப்பினார். அடுத்த மாதம் சாங்ஜோவில் இறந்தார். இரண்டே வருடத்தில் அவருடைய நூல்களின் அச்சுக் கட்டைகளை எரிக்க மன்னர் ஆணையிட்டார். மக்கள் ஒளித்து வைத்துப் படித்தார்கள்.

தோங்போவைப் பற்றி மேலும் படிக்க ஆசைப்படுகிறவர்கள் லின் யூடாங் 1947இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி கே ஜீனியஸ்' என்ற வாழ்க்கை வரலாற்றில் தொடங்கலாம், நாவல் மாதிரி ஓடும். அதில் வாங் ஆன்ஷியைப் பற்றி வருவதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். லின் அவருக்கு நியாயம் செய்யவில்லை. 1084இல் ஹுவாங்ஜோவை விட்டுக் கிளம்பிய தோங்போ, ஓய்வுபெற்றுக் கழுதைமேல் திரிந்துகொண்டிருந்த அந்தப் பழைய எதிரியைத் தேடிப்போய்ப் பார்த்து, நாட்கணக்கில் கவிதை பேசிவிட்டு வந்தார்.